பழைய நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எழுதுவது எப்படி: ஆண்ட்ரூ டேவிஸின் வாழ்வும் பணியும் காட்டும் வழி

நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கணக்கில்தான் தொடங்குகிறார்கள். பிரிட்டனில் இந்தத் துறையில் 1980 முதல் 2020 வரை நாற்பது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதிய ஆண்ட்ரூ டேவிஸின் தொடர்களை மூல நாவல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தக் கணக்குக்கு முன்னால் அவர் வேறொன்றைத் தீர்மானித்துவிடுவது தெரிகிறது: இந்தக் கதையில் யாருக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் எது தடுக்கிறது. வெட்டுவதும் சேர்ப்பதும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அவருடைய வாழ்க்கையையும் பணியையும் அந்தக் கோணத்திலிருந்து பார்த்து, தழுவல் எழுத விரும்புவோருக்குப் பயன்படக்கூடிய முறைகளை இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

எழுதும் முன் பாடம் நடத்துங்கள்

டேவிஸ் 1936 செப்டம்பர் 20 அன்று வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் பிறந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்து 1957இல் பட்டம் பெற்றார். அதன் பின் லண்டன் பள்ளிகளில் ஆசிரியராகவும், கோவென்ட்ரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் பிறகு அது இணைந்த வார்விக் பல்கலைக்கழகத்திலும் விரிவுரையாளராகவும் வேலை பார்த்தார். 1960களிலேயே வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நாடகங்கள் எழுதத் தொடங்கிவிட்டார்; குழந்தைகளுக்காக எழுதிய ஒரு நாவலுக்கு 1979இல் கார்டியன் பரிசும் பெற்றார். ஆனாலும் மாதச் சம்பளத்தை அவர் விட்டது ஐம்பது வயதை ஒட்டித்தான். உலகம் முழுவதும் அவர் பெயரைக் கொண்டுபோன ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 59. முப்பது வயதுக்குள் வாய்ப்பு வரவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆசிரியராக இருந்த காலத்தை வீணான காலம் என்று எண்ண வேண்டாம். சலிப்போடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு பழைய நாவலைக் கொண்டுசேர்க்க வேண்டியவர், இந்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது, இவள் ஏன் இப்படிப் பேசுகிறாள், அவன் ஏன் எழுந்து போகிறான் என்று ஒவ்வொரு நாளும் விளக்க வேண்டியிருக்கிறது. தழுவல் எழுதுகிறவரின் வேலையும் ஏறக்குறைய அதுவே. எனவே ஒரு வரி எழுதும் முன், நாவலை வாசிக்காத ஒருவரை எதிரில் உட்கார வைத்து, புத்தகத்தைத் திறக்காமல் அரை மணி நேரத்துக்குள் கதையைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் உங்கள் குரல் உயர்கிறதோ அது தொடரின் முதுகெலும்பு. எந்தப் பாத்திரத்தைச் சொல்ல மறந்தீர்களோ அந்தப் பாத்திரம் அநேகமாகத் தொடருக்குத் தேவைப்படாது. கேட்பவர் எங்கே குறுக்கிட்டு “பிறகு?” என்று கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு பகுதியை முடிப்பதற்கு ஏற்ற இடம் அது.

வாழ்க்கையில் நேரும் சங்கடங்களும் கையிருப்புதான். 1986இல் பிபிசிக்காக டேவிஸ் எழுதிய ‘எ வெரி பிக்யூலியர் பிராக்டிஸ்’ தழுவல் அன்று. தாம் பார்த்த பல்கலைக்கழகச் சூழலை வைத்து அவரே உருவாக்கிய நகைச்சுவைத் தொடர். பிபிசிக்குப் பணம் திருப்பித் தர வேண்டிய கடனாளி எழுத்தாளர் ஒருவரும் அதில் பாத்திரமாக வந்துபோகிறார். பிறருடைய நாவலைத் தொடுவதற்கு முன் சொந்தமாகக் காட்சி அமைத்துப் பழகியிருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அவருடைய பணியில் இல்லை.

ஆசையைக் கண்டுபிடித்து அதற்குக் காட்சி கொடுங்கள்

1813இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் முதல் காட்சி பெனட் தம்பதியின் பேச்சு. பக்கத்து மாளிகைக்கு ஒரு பணக்கார இளைஞன் வரப்போகிறான் என்ற செய்தி அந்தப் பேச்சில்தான் வருகிறது. 1995இல் பிபிசியில் ஆறு பகுதிகளாக வந்த டேவிஸின் தொடர் வேறு விதமாகத் தொடங்குகிறது. அந்த இளைஞன் பிங்லியும் அவன் நண்பன் டார்சியும் குதிரைகளில் பாய்ந்து வருகிறார்கள். மாளிகையைப் பார்த்து, அதை வாடகைக்கு எடுக்கப் பிங்லி முடிவு செய்கிறான். பெனட் தம்பதியின் மகள் எலிசபெத் மேட்டில் நின்று அந்தக் குதிரைகளைப் பார்க்கிறாள். முக்கியமான பேச்சு எதுவும் தொடங்கும் முன்பே, இளமையும் பணமும் வேகமும் அந்த ஊருக்குள் நுழைந்துவிட்டதையும் அதைக் கவனிக்கும் பெண் யார் என்பதையும் பார்வையாளர் தெரிந்துகொள்கிறார்.

ஆஸ்டின் தம் நாவலை ஏறக்குறைய முழுவதும் எலிசபெத்தின் பார்வையில் நடத்துகிறார். எனவே டார்சி அவள் கண்ணில் படாத நேரத்தில் என்ன செய்கிறான் என்பது வாசகருக்குத் தெரியாது. டேவிஸின் வாதம் எளிமையானது: எலிசபெத்தை விரும்பக் கூடாது என்று எண்ணியபடியே விரும்பிக்கொண்டிருக்கும் டார்சியின் தவிப்புதான் கதையை ஓட்டும் விசை, நாவலில் அந்த விசை மறைவாக இயங்குகிறது, திரையில் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகவே டார்சி வாள்பயிற்சி செய்கிறான், குளிக்கிறான், ஜன்னல் வழியாக அவளைப் பார்க்கிறான். மனத்தில் நடக்கும் போரை வசனத்தில் கொட்டாமல் உடலின் வேலையாக மாற்றுவது என்ற இந்த ஒரு பாடத்துக்காகவே அந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

குளத்துக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. அதன் கட்டுமானத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நாவலின் 43ஆம் அத்தியாயத்தில், பெம்பர்லி மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்த எலிசபெத் எதிர்பாராமல் டார்சியைச் சந்திக்கிறாள். இருவர் முகமும் சிவக்கிறது, அவ்வளவுதான். தொடரில் வெயிலில் குதிரையேறி வந்த டார்சி, தன் வீட்டுக் குளம்தானே என்ற உரிமையோடு மேலங்கியைக் கழற்றிவிட்டு நீரில் பாய்கிறான். ஈரச் சட்டையோடு புல்வெளியில் நடந்து வரும்போது, சில மாதங்களுக்கு முன் தன்னை மணக்க மறுத்த பெண் எதிரே நிற்கிறாள். உன் பெற்றோர் நலமா என்று இரண்டு முறை கேட்கும் அளவுக்கு அவன் தடுமாறுகிறான். மரியாதையைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்த ஒருவன், மரியாதை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இல்லாமல் மாட்டிக்கொள்கிறான் என்பதுதான் காட்சியின் நகைச்சுவை. டார்சி ஆடையின்றி நீரில் இறங்குவதாகவே டேவிஸ் முதலில் நினைத்திருந்தார் என்பதும், சட்டையோடு இறங்கியதால்தான் அது இவ்வளவு பெரிய பேச்சாயிற்று என்பதும் வேடிக்கை. நீங்கள் ஒரு காட்சியைப் புதிதாகச் சேர்க்கும்போது, அது மூலத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓர் உணர்வைப் பெரிதாக்குகிறதா என்று பாருங்கள். பெரிதாக்கினால் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் அவரிடமே உண்டு. தமிழில் ‘போரும் வாழ்வும்’ என்று பெயர்பெற்ற டால்ஸ்டாயின் நாவலை 2016இல் ஆறு பகுதிகளாக எழுதியபோது, ஹெலன், அனடோல் என்ற உடன்பிறந்தோரின் தகாத உறவை டேவிஸ் நேரடியாகவே காட்டினார். நாவலில் அது கிசுகிசுப்பாக மட்டுமே வருகிறது. மூலத்தில் இருப்பதுதான் என்று வாதாடலாம். ஆனால் வதந்தியாக இருந்தபோது அந்த உறவுக்கு இருந்த அச்சம், கண்முன் வந்தவுடன் குறைந்துபோகிறது என்பதே என் எண்ணம்.

கடிதங்களையும் செய்திகளையும் என்ன செய்வது

பழைய நாவல்களில் பாதிக் கதை கடிதங்களில் நடக்கும். 35ஆம் அத்தியாயத்தில் டார்சி எலிசபெத்துக்குக் கொடுக்கும் நீண்ட கடிதம் அப்படிப்பட்டது. அதை ஒரு நடிகை கையில் வைத்துக்கொண்டு வாசிக்க, குரல் மட்டும் ஓடினால் தொடர் அங்கேயே படுத்துவிடும். நான்காம் பகுதியில் டேவிஸ் அதை மூன்றாகப் பிரித்தார்: இரவெல்லாம் உட்கார்ந்து எழுதும் டார்சி, அவன் எழுதும் பழைய நிகழ்ச்சிகள் ஃப்ளாஷ்பேக்காக, பிறகு அதை வாசித்துக் கோபப்படும் எலிசபெத். ஒரே கடிதம் எழுதுபவருக்கு ஒரு நாடகமும் பெறுபவருக்கு வேறொரு நாடகமும் ஆகிறது.

சுருக்கிச் சொல்லப்பட்ட பேச்சையும் கவனியுங்கள். டார்சி முதன்முறை மணம் பேசும் 34ஆம் அத்தியாயத்தில், அவனுடைய முதல் சில வாக்கியங்களைத்தான் ஆஸ்டின் நேரடியாகத் தருகிறார். அவளுடைய குடும்பத்தின் தாழ்ந்த நிலையைப் பற்றி அவன் நீட்டி முழக்கியதை ஆசிரியர் கூற்றாகச் சுருக்கிவிடுகிறார். நடிகருக்கு அந்தச் சுருக்கம் உதவாது. டார்சியின் வாயில் அந்த அவமானச் சொற்கள் வந்தாக வேண்டும். டேவிஸ் அவற்றை வசனமாக எழுதிக்கொடுத்தார், எலிசபெத்தின் பதிலில் மூலத்தின் சொற்களைப் பெரும்பாலும் தொடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. உங்கள் நாவலில் ‘அவன் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டான்’ என்பது போன்ற வாக்கியங்களை ஒரு பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றையும் அதே ஆசிரியரின் நடையில் வசனமாக எழுதிப் பழகுங்கள். ஆசிரியரின் நடை உங்கள் காதில் விழாத வரை அது வராது.

தொடக்கம், முடிவு, நடுவில் வெட்டும் இடங்கள்

தமிழ்த் திரையுலகில் ஒன்லைன் ஆர்டர் என்று சொல்வார்கள். வசனமில்லாமல் காட்சிகளை மட்டும் வரிசைப்படுத்தும் அந்தப் பட்டியலை நாவலின் வரிசையில் போட வேண்டியதில்லை. ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவல் நாயகி டாரதியாவோடு தொடங்குகிறது. இளம் மருத்துவர் லிட்கேட் பல அத்தியாயங்கள் கழித்தே வருகிறார். 1994இல் வந்த ஆறு பகுதித் தொடரில் டேவிஸ் முதல் காட்சியிலேயே லிட்கேட்டைக் குதிரை வண்டியில் ஊருக்குள் கொண்டுவந்துவிடுகிறார். ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் நாம் அறிந்த விக்டர் ஹியூகோவின் நாவலில், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களம் இரண்டாம் பாகத்தில் வருகிறது. 2018 டிசம்பரில் தொடங்கிய அவருடைய தொடர் அந்தப் போர்க்களத்திலிருந்தே தொடங்குகிறது. வெளியிலிருந்து யாரோ வருகிறார்கள், அல்லது பழைய உலகம் ஒன்று உடைகிறது என்ற காட்சியைத் தேடி முதலில் வைப்பது அவருடைய வழக்கம்.

பகுதிகளின் நீளத்துக்கு டிக்கன்ஸ் சிறந்த ஆசான். ‘பிளீக் ஹவுஸ்’ 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதத் தவணைகளாக வெளிவந்த நாவல். மொத்தம் 20 தவணைகளில், பழைய பொருள் கடைக்காரர் குரூக் தானாகவே தீப்பற்றி எரிந்துபோகும் விசித்திரச் சம்பவத்தைச் சரியாகப் பத்தாவது தவணையின் முடிவில் டிக்கன்ஸ் வைத்தார். நடு வழியில் வாசகரை விட்டுவிடக் கூடாது என்ற தொழில் கணக்கு அது. 2005இல் பிபிசி இந்த நாவலை 15 பகுதிகளாக எடுத்தது. முதல் பகுதி ஒரு மணி நேரம், மற்றவை அரை மணி நேரம். வாரம் இருமுறை, ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ என்ற குடும்பத் தொடருக்கு அடுத்தாற்போல் ஒளிபரப்பினார்கள். டிக்கன்ஸை அலமாரியிலிருந்து இறக்கி அன்றாடத் தொடர் பார்க்கும் கூட்டத்தின் நடுவில் வைத்த முடிவு இது; டேவிஸின் பணியில் மிகத் துணிச்சலானதும் இதுவே என்பேன். அரை மணி நேரத்துக்குள் ஐந்தாறு கதைகளை நகர்த்த வேண்டியிருந்ததால் காட்சிகள் கூர்மையாயின. வக்கீல் காட்டும் பத்திரத்திலுள்ள கையெழுத்தைப் பிரபுவின் மனைவி லேடி டெட்லாக் பார்க்கிறாள், முகம் மாறுகிறது, மயங்குகிறாள். பத்துப் பக்கத்தில் விளக்க வேண்டிய பழைய ரகசியத்தின் நுனி அந்த ஒரு பார்வையில் பார்வையாளர் கைக்கு வந்துவிடுகிறது.

இடம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை டேவிஸ் எழுதி 2020இல் வந்த ‘எ சூட்டபிள் பாய்’ காட்டியது. விக்ரம் சேத்தின் 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட நாவலை ஆறு மணி நேரத்தில் அடக்கினார்கள். மீரா நாயர் இயக்கத்தில் கண்ணுக்கு நிறைவாக இருந்தும், நாயகி லதாவின் மாப்பிள்ளைத் தேடலுக்கு வெளியே இருந்த ஜமீன் ஒழிப்பு, சட்டமன்றம், தோல் தொழிலாளர் உலகம் ஆகியவை வந்ததும் போவதுமாக ஆகிவிட்டன. எத்தனை பகுதிகள் என்பது தயாரிப்பாளர் கையில் இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை பேருடைய ஆசைகளை முழுமையாகச் சொல்ல முடியும் என்பதை எழுத்தாளர்தான் முதலிலேயே சொல்ல வேண்டும். சிறிய நாவலானால் சிக்கல் குறைவு. ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை டேவிஸ் 2008இல் மூன்று பகுதிகளில் முடித்தார், அதே நாவலின் சகோதரியர் கதையை ராஜீவ் மேனன் 2000இலேயே ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்று மூன்று மணி நேரத்துக்குள் தமிழ்ப் படமாக்கிவிட்டார்.

கதைசொல்லியின் குரல்

நாவலின் உயிர் பல சமயங்களில் கதைசொல்லியின் குரலில்தான் இருக்கும். அதை எங்கே வைப்பது என்பதற்கு டேவிஸிடம் ஒரே விடை இல்லை. பணக்காரப் பிரம்மச்சாரிக்கு மனைவி தேவை என்பது ஊரறிந்த உண்மை என்ற ஆஸ்டினின் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தைப் பின்னணிக் குரலில் ஓதாமல், தாயின் கல்யாணக் கணக்கைக் கிண்டல் செய்யும் எலிசபெத்தின் வாயில் வைத்தார். அந்த வாக்கியத்தின் குறும்பு அவளுடைய குணமாகிவிட்டது. ‘மிடில்மார்ச்’ தொடரின் கடைசியில் மட்டும் எலியட்டின் சொற்கள் ஜூடி டென்ச்சின் குரலில் ஒலிக்கின்றன.

மைக்கேல் டாப்ஸின் அரசியல் நாவலிலிருந்து 1990இல் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரில் வில்லன் ஃபிரான்சிஸ் அர்கார்ட் கேமராவைப் பார்த்தே நம்மிடம் பேசுகிறான். பார்வையாளர் அவனுடைய கூட்டாளி ஆகிவிடுகிறார், பிறகு நடக்கும் கொலைக்கும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நாவலின் முடிவில் அர்கார்ட் மாடியிலிருந்து விழுந்து சாகிறான்; டேவிஸ் அதைத் திருப்பி, அவன் இளம் பெண் நிருபரைத் தள்ளிவிட்டுப் பிரதமராவதாக எழுதினார். மார்கரெட் தாட்சர் பதவி விலகிய அதே நவம்பரில் தொடர் ஒளிபரப்பானது. திரைக்கதைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி கிடைத்தது. செத்தவன் பிழைத்துவிட்டதால் டாப்ஸ் அடுத்த இரண்டு நாவல்களையும் எழுத முடிந்தது. முடிவை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்: கேமராவோடு அப்படிப் பேசிய ஒருவன் தோற்றுப்போனால் அந்தப் பேச்சுக்கே பொருளில்லை. தொடரின் உள்ளிருந்து வந்த மாற்றம் அது. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூலென்றால் உரிமை ஒப்பந்தத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின் முடிக்காமல் விட்ட ‘சாண்டிடன்’ நாவல் வேறு வகைச் சிக்கல். 1817இல் ஆஸ்டின் இறக்கும்போது அதில் 11 அத்தியாயங்களே முடிந்திருந்தன. டேவிஸ் 2019இல் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சிக்கு எழுதிய எட்டுப் பகுதித் தொடர் அந்தப் பக்கங்களை முதல் பகுதிக்குள்ளேயே செலவழித்துவிட்டது. எஞ்சியது முழுக்கக் கற்பனை. அடுத்த பருவத்தை நம்பிக் காதலர்களைப் பிரித்து முடித்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஐடிவி கைவிட்டது, பிறகு போராட்டத்துக்குப் பின் வேறு கைகளில் தொடர்ந்தது. அடுத்த பருவம் உறுதியாகாத நிலையில் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொழில் பற்றிச் சில குறிப்புகள்

எழுதிய எல்லாமே திரைக்கு வராது. 2009இல், டிக்கன்ஸின் நாவலிலிருந்து டேவிஸ் எழுதிய ‘லிட்டில் டாரிட்’ எம்மி விருதுகளைக் குவித்த அதே ஆண்டில், அவர் எழுத இருந்த டிக்கன்ஸின் ‘டோம்பி அண்ட் சன்’ திட்டத்தையும் டிராலப்பின் பாலிசர் நாவல்களின் திட்டத்தையும் பிபிசி கைவிட்டது. பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அகாதமியான பாஃப்டாவின் உயரிய ஃபெல்லோஷிப்பை முன்னரே பெற்றிருந்தவருக்கே இது நேர்ந்தது என்பதால், ஒரே கதையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல் இரண்டு மூன்று நாவல்களின் சுருக்கங்களைத் தயாராக வைத்திருங்கள். எந்தக் கதைக்கு எப்போது வேளை வரும் என்பதையும் சொல்ல முடியாது: மெர்டில் என்ற நிதி மோசடிக்காரனின் வங்கி சரிந்து ஊரே நாசமாகும் ‘லிட்டில் டாரிட்’, 2008இன் இறுதியில், லண்டன் வங்கிகள் உண்மையிலேயே ஆட்டம் கண்டுகொண்டிருந்த வாரங்களில் ஒளிபரப்பானது. டேவிஸ் அதற்காக ஒரு வசனத்தையும் நவீனமாக்க வேண்டியிருக்கவில்லை.

தொடங்குவதற்கு ஒரு பயிற்சி. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் 51, 52ஆம் அத்தியாயங்களை வாசியுங்கள். ஓடிப்போன எலிசபெத்தின் தங்கை லிடியாவையும் அவள் காதலன் விக்கமையும் லண்டனில் தேடிக் கண்டுபிடித்துக் கல்யாணம் செய்துவைத்தது டார்சிதான் என்பது, லிடியா வாய்தவறிச் சொன்னதிலும் மாமி கார்டினரின் கடிதத்திலும்தான் எலிசபெத்துக்குத் தெரிகிறது. வாசகருக்கும் அப்போதுதான் தெரியும். பிறகு தொடரின் ஐந்தாம் பகுதியைப் பாருங்கள். டார்சி லண்டன் தெருக்களில் அலைந்து தேடுவதை டேவிஸ் முன்னதாகவே காட்டிவிடுகிறார். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இதனால் இழந்தது என்ன, பெற்றது என்ன என்று இரு பக்கமும் எழுதுங்கள். வியப்பு போனது என்பது இடப் பக்கம் உடனே வந்துவிடும். வலப் பக்கத்தில், எலிசபெத் அறியாத ஒன்றை அறிந்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையாளரின் நிலை என்ன ஆகிறது என்பதை எழுதிப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் நாவலில் கடிதம் வழியாகவோ பிறர் சொல்லியோ வரும் ஒரு செய்தியை எடுத்து, அதை நேரில் காட்டும் காட்சி ஒன்றையும் காட்டாமல் விடும் காட்சி ஒன்றையும் தனித்தனியாக மூன்று பக்கங்களுக்குள் எழுதி, இரண்டையும் கதை தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.